கள்ள மூச்சு

அந்த ஜன்னல் கண்ணாடியக் கொஞ்சம் தள்ளி விடுங்க தம்பி. தூறல் உள்ள அடிச்சா அடிக்கட்டும், நனைஞ்ச சட்டை காஞ்சிரும். உங்களுக்குக் காத்து வேணும். கொறையாச் சொல்லலை. பட்டுக்கோட்டையில நீங்க ஏறுனதுலேருந்து பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். பையைத் தூக்கி மேல வச்சீங்க, உக்காந்தீங்க, முன்சீட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சுக்கிட்டீங்க. அப்புறம் கண்டக்டர்கிட்ட டிக்கெட்டுக் கேட்டீங்க. "தஞ்சாவூரு"ன்னீங்க. நிறுத்துனீங்க. அப்புறம் "ஒண்ணு"ன்னீங்க. எல்லாரும் அதை ஒரே மூச்சுலதான் கேப்பாங்க.

சளியா? சரி. காய்ச்சல் இருந்துச்சா? நேத்தே விட்டுருச்சா. ம். காய்ச்சல் விட்டா எல்லாம் சரியாப் போச்சுன்னு நானும் ஒரு காலத்துல நெனச்சவன்தான். இல்லல்ல, பயமுறுத்தலை. என்ன விசேஷம், பட்டுச் சட்டையெல்லாம் மடிச்சு எடுத்துக்கிட்டுப் போறீங்க? மச்சினிச்சிக்கு வளகாப்பா. நல்ல காரியம். நீங்க பேச வேணாம். நான் பேசுறேன், நீங்க கேட்டுக்கிட்டு வந்தா போதும். வழி தெரியாமப் போயிரும்.

என் பேரு சிங்காரவேலு. அப்படிக் கேட்டா எங்க தெருவுலயே யாருக்கும் தெரியாது. விசிலு சிங்காரம்னு கேட்டீங்கன்னா இந்த வட்டாரத்துல கபடி ஆடுனவன், கபடி பாத்தவன் அத்தனை பேருக்கும் தெரியும். நான் ரெப்ரி. இந்தா, சட்டைக்குள்ள கயிறு தெரியுதா? இதுல தொங்குறதுதான் அந்த விசிலு. பித்தளை. இப்ப ஊதுறதில்லை, கழுத்துல போட்டுக்கிட்டு மட்டும் இருக்கேன். கழட்டி வச்சா கழுத்து என்னமோ மாதிரி இருக்கு.

கபடி பாத்திருக்கீங்களா? டிவியில பாத்திருப்பீங்க. டிவியில என்ன தெரியும், ஆளு ஓடுறதும் விழுகுறதுந்தான் தெரியும். ஆட்டம் கண்ணுல இல்லைங்க, காதுல இருக்கு. கோட்டைத் தாண்டிப் போறவன் கபடி கபடின்னு ஒரே மூச்சுல பாடிக்கிட்டே போவணும், பாடிக்கிட்டே திரும்பிக் கோட்டுக்கு வரணும். அதை நாங்க பாட்டுன்னு சொல்லுவோம். நடுவுல மூச்சு எடுத்துட்டா பாட்டு விட்டுட்டான்னு அர்த்தம், அவுட்டு. ஆனா எவன் ஒத்துக்குவான்? எடுத்துட்டு எடுக்காத மாதிரியே பாடிக்கிட்டு வருவான். அதுக்குப் பேரு கள்ள மூச்சு. ஒருத்தன் திரும்புறப்ப தரையை ஓங்கி மிதிப்பான், அந்தச் சத்தத்துக்குள்ள எடுத்துக்குவான். ஒருத்தன் இருமுற மாதிரி எடுப்பான். கூட்டம் கத்துற நேரம் பாத்து எடுக்குறவன் உண்டு. கூட்டத்துக்குத் தெரியாது, புடிக்க வர்றவனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். 'டி'க்கும் அடுத்த 'க'வுக்கும் நடுவுல நூல் அளவு எடம் இருக்கும் பாருங்க, அந்த எடத்துல காதை வச்சுக்கிட்டு நிப்பேன். ஒரு தடவகூட தப்பா ஊதுனது கெடையாது. பெருமைக்குச் சொல்லலை. நீங்க தெரிஞ்சுக்கணும், அதுக்காகச் சொல்றேன்.

இருமல் வருதா? இருமிக்குங்க. அடக்காதீங்க. துண்டை வாயில வச்சுக்கிட்டு நல்லா இருமுங்க. தண்ணி இருக்கு, வேணுமா? சரி.

எனக்குக் கூடப் பொறந்தது ஒரே தங்கச்சி, தவமணி. அவளைக் கட்டுனவன் வைரக்கண்ணு. எனக்கு மாப்ள. அவனை மாதிரி பாடி வர்ற ஆளு இந்தப் பக்கத்துல அன்னைக்கும் கெடையாது, இன்னைக்கும் கெடையாது. ஒல்லி ஒடம்புதான். உள்ள போனான்னா நாலு பேரு சுத்தி நிக்கையில நடுவுல நின்னுக்கிட்டு ஒரு தடவ தொடையத் தட்டுவான். பட்டுன்னு கேக்கும், கடைசி வரிசையில நிக்கிறவனுக்கும் கேக்கும். கூட்டம் அப்படியே எந்திரிச்சு நிக்கும். அந்தத் தொடைத் தட்டுலதான் எம்மவ மயங்கிப் போனான்னு எங்க அம்மா சாகுற வரைக்கும் திட்டிக்கிட்டு இருந்துச்சு.

அந்தத் தட்டுக்குள்ளதான் அவன் எடுப்பான். கை தொடையில விழுகுற அதே நேரத்துல, மூக்கு வழியா, ஒரு சிட்டிகை. எனக்கே அது ரொம்ப நாள் கழிச்சுத்தான் புடிபட்டுச்சு. புடிபட்டப்புறம் சும்மா இருக்க முடியுமா சொல்லுங்க. எங்க ஊரு மாரியம்மன் திருவிழா, பைனல் ஆட்டம், கடைசிப் பாட்டு. ரெண்டு பேரைத் தொட்டுட்டுத் திரும்புறான். தொடையத் தட்டுனான். நான் ஊதிட்டேன்.

மாப்ளைக்கு மச்சானே ஊதிட்டான்னு கூட்டத்துல ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டாங்க. கோப்பை பக்கத்து ஊருக்குப் போயிருச்சு. வைரக்கண்ணு சண்டை போடலை. களத்துல நின்ன எடத்துலேயே நின்னு என்னையவே பாத்தான். "மச்சான், கேட்டுச்சா?"ன்னு மட்டும் கேட்டான். "கேட்டுச்சு மாப்ள"ன்னேன். துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான்.

அதோட என் வீட்டு வாசப்படி மிதிக்கலை. தவமணியும் வரலை, வர விட்டாத்தானே. அதுகூடப் பரவாயில்லைங்க. அவுங்க பொண்ணுக்குக் காது குத்துறாங்க. தாய்மாமன் நான் ஒருத்தன் உசுரோட இருக்கேன். சீர்த் தட்டைத் தூக்கிக்கிட்டுப் போயிப் பந்தலுக்கு வெளிய நிக்கிறேன். உள்ள வேற ஒருத்தன் மடியில, ஒண்ணுவிட்ட மொறையில எவனோ ஒருத்தன் மடியில புள்ளைய உக்கார வச்சுக் காது குத்துறாங்க. புள்ள அழுகுற சத்தம் கேக்குது. என் மடி சும்மா இருக்கு. நியாயமா ஊதுனதுக்குக் கெடச்ச கூலி அது.

அப்புறம் எங்க அம்மா செத்தப்ப வந்தான். யாரும் கூப்புடலை, தானா வந்து பாடைக்குத் தோள் குடுத்தான். எல்லாம் முடிஞ்சு, மோட்டுவளையப் பாத்துக்கிட்டு நான் உக்காந்திருக்கேன், பக்கத்துல வந்து உக்காந்து, "சாப்புட்டியா மச்சான்"னு கேட்டான். அவ்வளவுதான். இனிமே குடும்பத்துக்குள்ள இந்த விசிலுக்கு வேலை இல்லைன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

நீங்க ஏன் தம்பி சீட்டுல சாய மாட்டேங்குறீங்க? குனிஞ்சே வர்றீங்களே. சாஞ்சா ஒரு மாதிரியா இருக்கா? அவனும் இதைத்தான் சொன்னான். இதே வார்த்தை.

அந்த வைகாசியச் சொல்றேன். கொரோனா ரெண்டாவது தடவ சுத்தி வந்துச்சே, அந்த வைகாசி. எங்க ஊருல டெய்லர் ஒருத்தரு, நல்லாப் பேசிக்கிட்டே ஆம்புலன்சுல ஏறுனவரு, திரும்பி வரையில பாலித்தீன்ல கட்டித்தான் வந்தாரு. பொண்டாட்டிக்குக்கூட மொகத்தைக் காட்டலை. அதைப் பாத்ததுலேருந்து ஆஸ்பத்திரின்னு சொன்னாலே ஊரு நடுங்கிப் போச்சு. வைரக்கண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்ப, புள்ளைங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு வயல்ல இருக்குற பம்புசெட்டுக் கொட்டாயில கட்டிலைப் போட்டுக்கிட்டான். தவமணி சோத்தை வாசல்ல வச்சுட்டுத் தள்ளி நின்னுக்குவா. மொதல்ல ஒடம்பு வலின்னான். அப்புறம் கருவாட்டுக் கொழம்பு மண்ணு மாதிரி இருக்குன்னான். அப்புறம் இருமல். கசாயம் குடிச்சான், மாத்திரை போட்டான், காய்ச்சல் எறங்கிருச்சு. தவமணி மாரியம்மனுக்குச் சூடம் கொளுத்திட்டு வந்து எனக்குப் போன் பண்ணி அழுதா. சந்தோஷத்துல.

இப்ப நெனச்சா எல்லாம் தெரியுது. வாயி ஓயாத ஆளு அவன். போன் போட்டா என்னைய வைக்க விட மாட்டான். அப்ப "ம்"ங்கிறான், "சரி"ங்கிறான், "அப்புறம்"ங்கிறான். சோர்வா இருப்பான்னு நெனச்சேன். பேச்சு துண்டு துண்டா வந்தா அது சோர்வு இல்லைங்க தம்பி. மூச்சுக்கு ஏத்த மாதிரி பேச்சை வெட்டுறது. அதெல்லாம் பின்னாடி எங்க ஊரு நர்சம்மா சொல்லித்தான் தெரியும். அந்தம்மாகிட்ட விரல்ல மாட்டுற மெஷின் ஒண்ணு இருந்துச்சு, ஊரு ஊரா அதைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சாங்க. எங்க ஊருக்கு மறுநாள் காலையில வர்றேன்னு சொல்லியிருந்தாங்க.

தவமணிக்கு மறுநாள் வரைக்கும் பொறுக்க முடியலை. "அண்ணே, கட்டில்ல படுக்கவே மாட்டேங்குறாருண்ணே, உக்காந்தே இருக்காரு. கேட்டா நல்லா இருக்கேங்குறாரு. நீ வந்து கேட்டுச் சொல்லுண்ணே"ன்னா. "நான் என்னத்தைக் கேக்குறது?"ன்னேன். "அவரு பாட்டைக் கேளு. உன் காதுக்குத் தப்பாது. பாட்டு அறுந்து போகாம வந்துச்சுன்னா இருக்கட்டும், நாளைக்கு நர்சம்மா வந்து பாத்துக்கட்டும். அறுந்துச்சுன்னா இப்பவே காரு சொல்லிருவோம், அவரு என்ன கத்துனாலும் சரி."

பாருங்க, எப்படிப்பட்ட பொம்பளைன்னு. படிக்காதவ. ஆனா அவளுக்குத் தோணுச்சு, அந்த மெஷினு பாக்குற வேலைய அண்ணன் காது பாத்துரும்னு. அவ்வளவு நம்பிக்கை என் மேல.

மத்தியானம் போனேன். ஒண்ணு மொதல்லயே சொல்லிடுறேன், மோட்டாரு ஓடிக்கிட்டிருந்துச்சு. அஞ்சு ஹெச்பி மோட்டாரு, பக்கத்துல நின்னு பேசுறதே கேக்காது. அதை மனசுல வச்சுக்கங்க.

கொட்டாய் வாசல்ல நான் நிக்கிறேன், வாயில துண்டைச் சுத்திக்கிட்டு. தவமணி எனக்குப் பின்னாடி பூவரச மரத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. நல்ல வெக்கை. அவன் கட்டில் ஓரத்துல ரெண்டு கையையும் முட்டியில ஊனிக்கிட்டு உக்காந்திருக்கான், பக்கத்துல பனவோலை விசிறி கெடக்குது. வரப்புல ஒரு கொக்கு நடந்து போச்சு, அது சேத்துலேருந்து காலை எடுக்குற சத்தம்கூட எனக்கு நெனவு இருக்கு. என்னையப் பாத்ததும் சிரிச்சான். "என்ன மச்சான், விசிலு கொண்டாந்தியா?"ன்னான். கயித்தை இழுத்துக் காட்டுனேன். தவமணி என்கிட்டச் சொன்னதை அவன்கிட்டயும் சொல்லியிருந்தா போலருக்கு. "பாட்டு அறுந்துச்சுன்னா, காருல ஏத்தி விட்டுருவீங்களா?"ன்னு கேட்டான். அதைக் கேக்கவே அவனுக்கு ரெண்டு தவணை ஆச்சு.

பாட ஆரம்பிச்சான். கபடி கபடி கபடி கபடி. கொரல் கம்மித்தான் இருந்துச்சு, ஆனா சுத்தமா இருந்துச்சு. அப்புறம் தொடையத் தட்டுனான்.

தவமணி பின்னாடி சிரிச்சுட்டா. எத்தனையோ வருஷத்துக்கு முந்தி களத்தோரம் நின்னு சிரிச்சாளே, அந்தச் சிரிப்பு. "தொடையத் தட்டுறாருண்ணே, அப்ப ஒண்ணும் இல்லைண்ணே"ன்னா. அவன் பாடிக்கிட்டே இருக்கான். இன்னொரு தட்டு. கபடி கபடி. இன்னொரு தட்டு. ஆட்டத்துல ஒரு பாட்டுக்கு ஒரு தட்டுதான் தட்டுவான், அதுதான் அவன் கணக்கு. அப்புறம் இன்னொரு தட்டு. அவன் கண்ணு என்னைய விட்டு நகரவே இல்லை. தட்டுறப்பல்லாம் கழுத்துக்கு அடியில ஒரு குழி விழுந்துச்சு. தட்டு முடிஞ்சா அந்தக் குழி போயிரும்னு நின்னேன், போகலை. அதுக்கு என்ன அர்த்தம்னு அன்னைக்கு யாருக்குங்க தெரியும்? கழுத்துக் குழியப் பாருங்க, மூக்கு ஓரம் விரியுதான்னு பாருங்க, வெலா எலும்புக்கு நடுவுல சதை உள்ள இழுக்குதான்னு பாருங்கன்னு நர்சம்மா எல்லாம் முடிஞ்சப்புறந்தானே சொன்னாங்க.

நான் கையத் தூக்குனேன். நிறுத்துனான். நிறுத்திட்டுக் கேட்டான், "மச்சான், கேட்டுச்சா?"

அதே கேள்வி. அன்னைக்குக் களத்துல நின்னு கேட்டது. பொண்ணு காதுகுத்து அன்னைக்குப் பந்தலுக்கு வெளிய நின்னேன்ல, அந்த வெயிலு என் தலையில திரும்ப அடிச்சுது. "ஒண்ணும் கேக்கலை மாப்ள. சுத்தமா இருக்கு"ன்னேன்.

தவமணி முந்தானைய மொகத்துல பொத்திக்கிட்டு அழுதா. வைரக்கண்ணு என்னைய ஒரு பார்வை பாத்தான் பாருங்க, மன்னிச்சுட்ட மாதிரி. இத்தனை வருஷம் அந்த ஒரு பார்வைக்குத்தான் நான் ஏங்கிக் கெடந்திருக்கேன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்புட்டேன்.

என்ன தம்பி, தூக்கம் வருதா? தூங்கக் கூடாது. என்னையப் பாருங்க. பொழுது சாயிற நேரத்துல அவனும் இதைத்தான் சொல்லியிருக்கான். தூக்கமா வருது, கஞ்சி வேணாம், கதவைச் சாத்திட்டுப் போன்னு. நல்லாத் தூங்கட்டும், ஒடம்பு தேறுதுன்னு இவளும் விட்டுட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு மனசு கேக்காமப் போயி எட்டிப் பாத்திருக்கா. ஒதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருந்திருக்கு. நாவப்பழக் காலந்தான். ஆனா அவன் எங்க போயித் தின்னான்?

காருல நான்தான் பின்னாடி உக்காந்து அவனைத் தாங்கிக்கிட்டுப் போனேன். ஒட்டும், ஒட்டாதுன்னெல்லாம் பாக்கலை. தலை என் தோள்ல கெடக்குது. கண்ணு பாதி மூடியிருக்கு. ஏதோ மொணங்குறான். காதை வச்சுக் கேட்டேன். "மச்சான், கோடு எங்க இருக்கு?"ங்கிறான். பாடிப் போயிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்புறான் போல. "இந்தா வந்துருச்சு மாப்ள, இந்தா வந்துருச்சு"ன்னேன். "தூரமா இருக்கே"ன்னான். அதுதான் அவன் என்கிட்டப் பேசுன கடைசிப் பேச்சு. ஆஸ்பத்திரியில சேத்துக்கிட்டாங்க, கொறை சொல்ல முடியாது, அவுங்களால ஆனதைச் செஞ்சாங்க. டாக்டரு சின்னப் புள்ளை மாதிரி இருந்தாரு, அந்தக் கொரோனா உடுப்புக்குள்ள வேர்த்து ஊத்துது. "மத்தியானமே கொண்டாந்திருந்தாக்கூட"ன்னு ஆரம்பிச்சாரு, என் மொகத்தைப் பாத்துட்டு மேல சொல்லலை. ரெண்டொரு நாள்ல போயிட்டான். தூரத்துல நின்னு புகையத்தான் பாத்தோம்.

இருக்கட்டும். விதின்னு விட்டுட்டுப் போவலாம். என் ஆத்தாமை அது இல்லை.

கருமாதி நடக்குது. தாலி அறுத்தவளுக்குப் பொறந்த வீட்டுக் கோடி போடணும், கூடப் பொறந்தவன் நான்தான் போடணும். புடவையத் தட்டுல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பக்கத்துல நாலு பேரு எப்படிப்பா ஆச்சுன்னு கேக்குறாங்க. நான் சொல்லிக்கிட்டு இருந்தேன், மோட்டாரு சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க, கேட்டிருந்தா விடுவேனான்னு. தவமணி உள்ளேருந்து வந்தா. நான் எந்திரிச்சு அவ தோள்ல கோடியப் போட்டேன். வாங்கிக்கிட்டா. வேணாம்னு சொல்லலை. வாங்கிக்கிட்டு, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னா, "அண்ணே, அன்னைக்குப் பூரா கரண்டே இல்லையேண்ணே. மோட்டாரு எங்கண்ணே ஓடுச்சு?"

அதுக்கப்புறம் என்கிட்டப் பேசலை. எதுத்தாப்புல வந்தா ஒதுங்கிப் போறா. என்னங்க நியாயம் இது? ஊதுனப்ப காதுகுத்துல மடி போச்சு. ஊதாதப்ப தங்கச்சியே போயிட்டா. ஒரு மனுசன் என்னதாங்க செய்வான்? மோட்டாரு ஓடுச்சு. எனக்கு ஓடுச்சு. கரண்டு இருந்துச்சா இல்லையான்னு ஈ.பி. ஆபீசுல போயா கேக்க முடியும்.

இதுல என்னன்னா, எனக்கு வீட்டுல இருக்க முடியலை. பேனைப் போட்டா அது கபடி கபடின்னுதான் சுத்துது. மிக்சி போட்டா கபடி கபடி. பக்கத்து வீட்டுல தோசைக் கரண்டியக் கல்லுல தட்டுனாக்கூட அது தொடைத் தட்டாத்தான் விழுகுது. தட்டு விழுந்த ஒடனே என் காது தானா அந்த எடத்துக்குப் போயிருது, நூல் அளவு எடத்துக்கு. அங்க ஒண்ணும் இருக்காது. ஒண்ணுமே இருக்காது தம்பி. அடுத்த 'க' வரும்னு நிப்பேன், வராது. என் பொண்டாட்டி கூப்புட்டுப் பாத்துட்டு, இந்த மனுசன் எங்கயோ நிக்கிறாருன்னு அவ வேலையப் பாக்கப் போயிருவா.

அதனால பஸ்ஸுல ஏறிருவேன். தஞ்சாவூருல எனக்கு ஒரு வேலையும் கெடையாது. எறங்கி ஒரு டீயக் குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். பஸ்ஸுல இத்தனை பேரு மூச்சு விடுறாங்க, அதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா அவன் பாட்டுக் கேக்காது. அந்தா டிரைவருக்குப் பின்னாடி தூங்குறாரே, மூக்கு அடைச்சிருக்கு, ஒண்ணும் இல்லை. மூணாவது சீட்டுப் பொம்பளைக்கு இழுப்பு, ஆனா பழகுன இழுப்பு, கையில மருந்து வச்சிருக்கு. மடியில இருக்குற புள்ளைக்குச் சளி கட்டியிருக்கு, ஆனா பால் குடிக்குது, சிரிக்குது, அதனால பயமில்லை. புள்ளை பால் குடிக்கிறதை விட்டுட்டு, வெலா துடிக்கச் சும்மாக் கெடந்தாத்தான் ஓடணும்.

கண்டக்டருக்கு என்னைய நல்லாத் தெரியும். "என்ன பெருசு, இன்னைக்கு யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறீங்க?"ன்னுதான் டிக்கெட்டே கிழிப்பாரு. ஒரு தடவ ஒரு அம்மாகிட்ட உங்க மூச்சு சரியில்லைன்னு சொல்லப் போயி, அது சண்டைக்கு வந்துருச்சு. ஒருத்தரு சீட்டு மாறிப் போனாரு. மன்னார்குடிக்காரரு ஒருத்தருகிட்ட கையப் புடிச்சுச் சொன்னேன், சிரிச்சுக்கிட்டே எறங்கிப் போனாரு. என்ன ஆனாருன்னு தெரியலை, தெனம் நெனச்சுக்குவேன். கண்டக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாரு, பேசுறதோட நிறுத்திக்கங்க, கழுத்துல கெடக்குறதை மட்டும் வாயில வச்சிராதீங்க, என் விசிலுன்னு நெனச்சு டிரைவர் பிரேக் அடிச்சுட்டா என் வேலை போயிரும்னு. அதுக்கு அவசியமே இல்லைன்னேன். கொட்டாய் வாசல்ல எடுத்துக் காட்டுனதுதான், அதுக்கப்புறம் இது என் ஒதட்டுல பட்டதே இல்லை.

என்ன சிரிக்கிறீங்க? சிரிங்க. ஆனா அந்தச் சிரிப்புக்குள்ள ஒண்ணு எடுத்தீங்க.

ஒரு காரியம் பண்ணுங்க. உங்க மச்சினிச்சி வீடு தஞ்சாவூருல எங்க இருக்கு? தெருப் பேரு, வீட்டு அடையாளம், பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு எல்லாத்தையும் நிறுத்தாமச் சொல்லுங்க பாப்போம். சொல்லுங்க.

ம். ம்.

தெருப் பேரு சொன்னீங்க. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்புனீங்க. வெளிய என்ன இருக்கு வேடிக்கை பாக்க? வயலும் தூறலுந்தான் இருக்கு. திரும்பி வந்து பொண்ணு பேரு சொன்னீங்க. அப்புறம் செல்லை எடுத்துப் பாத்தீங்க, மணி பாக்குற மாதிரி. அப்புறந்தான் மாப்பிள்ளை பேரு வந்துச்சு. இந்த வித்தையெல்லாம் எனக்குப் பழசு தம்பி. வெத்தலை போடுவீங்களா? போட்டதே இல்லையா. அப்ப ஒதடு ஏன் இப்படிக் கறுத்து இருக்கு? நகத்தைக் காட்டுங்க. சட்டையில மேல் பட்டனைக் கழட்டுங்க. கழட்டுங்கன்னா. பாத்துட்டேன், போதும்.

வளகாப்புக்குப் போகணும், மாமன்காரன் வரலைன்னா பேச்சாயிரும், சாயங்காலம் டாக்டரைப் பாத்துக்குறேன். அதானே? ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்க வச்சிருவாங்க. அதானே? அவனும் அதுக்குத்தான் பயந்தான். புள்ளத்தாச்சிப் பொண்ணு பக்கத்துல போயி உக்காந்து வளையல் போட்டு விடப் போறீங்க, இந்த இருமலோட. அதையாவது யோசிங்க. ஏன் தம்பி என்னைய அப்படிப் பாக்குறீங்க? அப்படிப் பாக்காதீங்க. அந்தப் பார்வைய நான் ஒரு தடவ பாத்தாச்சு.

எங்கே வேணா வந்து சொல்றேன், என் மாப்ள மூச்சு எடுத்தது எனக்குக் கேக்கலை. தவமணி வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா உங்களுது கேக்குது.

ஒரத்தநாடு வந்துருச்சு. இந்த வளைவு திரும்புனா ஆஸ்பத்திரி வாசல். அங்க ஸ்டாப்பிங் கெடையாது, பஸ்ஸு ஸ்டாண்டுக்குப் போயித்தான் நிப்பான். அங்கேருந்து இவ்வளவு தூரம் உங்களால நடந்து வர முடியாது, நீங்களும் வர மாட்டீங்க, சிரிச்சுக்கிட்டே போயிருவீங்க. கொஞ்சம் தள்ளுங்க, கயிறு சட்டையில மாட்டிக்கிச்சு. கண்டக்டரைப் பாக்காதீங்க. காதைப் பொத்திக்கங்க.

நின்னுருச்சு பாருங்க.

கத்தட்டும் விடுங்க, அவரு கத்துறது நியாயந்தான். ஐயா, கண்டக்டரே, நான்தான் ஊதுனேன், யாரு கேட்டாலும் சிங்காரந்தான் ஊதுனான்னு சொல்லிக்கங்க. எல்லாரும் நம்மளத்தான் பாக்குறாங்க, பாக்கட்டும். பையை நான் எடுத்துக்குறேன். நான் கூடவே வர்றேன், உள்ள வரைக்கும் வர்றேன். மெதுவா, ஒண்ணும் பேசாதீங்க. தொடையில கைய ஊனி எந்திரிங்க. தட்ட வேணாம், ஊனுங்க போதும்.

பாட்டு விட்டுட்டீங்க தம்பி. அவுட்டு. வாங்க, எறங்குவோம்.